பினாங்குக்குக் கொண்டுபோன டப்பா

கடல் அன்று ஊருணித் தண்ணீரைப் போல அசையாமல் கிடந்தது. அதனால்தான் ஞானதீபத்துக்கு முதலில் சந்தேகம் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அன்று அலை தூக்கித் தூக்கி அடித்ததில் குடும்பமே சுருண்டு விழுந்தது. அண்ணன் ராஜசிங் கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உயிரோடு ஊர் திரும்பினால் ஆனைக்குட்டம் அணைப் பக்கம்கூட எட்டிப் பார்க்கமாட்டேன் என்று ஆண்டவரிடம் மன்றாடினார். அண்ணன் மகள் இன்பம் குடித்த தண்ணீரைக்கூடக் கக்கினாள். அண்ணன் மனைவி ஆரோக்கியம் ஒருத்திதான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும் பரிகாசம் செய்தாள். "எங்கய்யா வீட்டு நெய்யும் பாலும் தின்ன உடம்பு. உங்க வீட்டுக் கம்மங்கஞ்சி உடம்பா இது" என்றாள். இப்போது கடல் அடங்கி, மற்றவர்கள் தெளிந்து எழுந்து மேல்தளத்தில் காற்று வாங்கப் போன பிறகு, அதே ஆரோக்கியம் எனாமல் பேசினைக் கட்டிக்கொண்டு குடல் வெளியே வரும்படி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நாத்தனார் ஞானதீபம்.

பிடிப்பதற்குத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். ராஜசிங்குக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. சீசன் முடிந்து லோடெல்லாம் போன பிறகு, கையும் மனசும் ஓய்வாக இருந்த ஒரு நாளில், குடும்பத்தோடு கப்பலேறிப் பினாங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சுற்றிப் பார்ப்பது ஒரு சாக்கு. பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானமுத்து, தன் மூத்த மகனுக்கு ஊர்ப் பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையன் வியாபாரத்தை விட்டுவிட்டு வரமுடியாது. அதனால் உல்லாசப் பயணம் போகிற மாதிரி பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பிடித்திருந்தால் அங்கேயே நிச்சயத்தையும் முடித்துவிடுவதாக ஏற்பாடு. "தீபமும் வரட்டும். கப்பல்ல யாருக்காச்சும் முடியாமப் போச்சுன்னா, நம்ம வீட்டு நர்சு இருக்கிறது நல்லதுதான" என்று ஆரோக்கியம் சொன்னாள். விருதுநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் லீவு வாங்கிக்கொண்டு ஞானதீபம் புறப்பட்டாள். மதினிக்காக அல்ல, இன்பத்துக்காக. இன்பம் அவள் தோளில் வளர்ந்த பிள்ளை.

மதினியைப் பற்றி ஞானதீபம் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் ஆறிவிடும் என்று பயம்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்து வாத்தியார் யோபுவுக்குப் பேசினார்கள். அவர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். காப்பித் தம்ளரை வாங்கும்போது நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வீடே கட்டி முடித்திருந்தாள். திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு வந்த வரன்களும் வாசல்படி வரை வந்து திரும்பின. அப்போது அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி, கடைசியில் கண்ணை மூடிவிட்டு ஞானதீபம் நிமிர்ந்தபோது, தலையில் நரை வந்திருந்தது.

காரணம் பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே நடந்து வந்தது. யோபு தன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தார். இரண்டு உயிரையும் பிழைக்க வைத்தவள் ஞானதீபம்தான். வராந்தாவில் கண் கலங்கி நின்ற மனுஷன், நன்றி சொல்கிற வேகத்தில் கேட்டார். "சிஸ்டர், உங்க நெஞ்சு இப்ப எப்படி இருக்கு? அந்த இளைப்பு நோய் சொகமாயிட்டுதா? அன்னைக்கு உங்க மதினி வந்து எங்கம்மாட்ட அழுதாகளாம். நல்ல பிள்ளைதான், ஆனா ராத்திரியெல்லாம் ரத்தமா துப்புதுன்னு." ஞானதீபத்தின் கையில் அவருடைய மகன் துணியில் சுற்றிக் கிடந்தான். சுகமாகிவிட்டது என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தாள்.

அன்றைக்கு உள்ளே பற்றியது அணையவே இல்லை. அதற்குப் பிறகும் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள், மதினி கையால் பலகாரம் வாங்கித் தின்றாள், "நல்லாருக்கு மதினி" என்றாள். ஈரம் படாத கருமருந்து போல எல்லாவற்றையும் மூடிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"மாதாவே, என்னைக் காப்பாத்து தாயே" என்று ஆரோக்கியம் முனகினாள். கத்தோலிக்க வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்காகச் சபை மாறி வந்தவள். இத்தனை வருஷமாக மறந்திருந்த மாதா, வாந்தி வந்ததும் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வயிற்றுப்போக்கும் தொடங்கியிருந்தது. ஞானதீபம் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் ஒழுங்கே இல்லை.

"தீபம், வாயைச் சுத்தி மரமரன்னு இருக்கு. உதடே என்னுது இல்லாத மாதிரி இருக்கு."

"கால்?"

"கனக்குது. தூக்க வரமாட்டேங்குது."

ஞானதீபம் பேசினைக் கீழே வைத்தாள். இதே வார்த்தைகளை அவள் முன்பு கேட்டிருக்கிறாள். ஏதோ ஒரு கம்பெனியில் மத்தாப்பு உப்புச் சலிக்கும் இருளம்மாள், கையைக் கழுவாமல் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தபோது, இப்படித்தான் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். பச்சை மத்தாப்புக்குப் போடுகிற உப்பு அது, பார்வைக்குச் சமையல் உப்பு மாதிரியே இருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த விஷத்தை முறிக்கப் பேதி உப்பைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தவள் ஞானதீபம். இருளம்மாள் பிழைத்து அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள்.

"மதினி, என்னத்தத் தின்னீக?"

ஆரோக்கியம் கண்ணைத் திறக்காமல் கையால் கட்டிலுக்கு அடியைக் காட்டினாள். ஞானதீபம் குனிந்து இழுத்தாள். பினாங்கு சம்பந்தி வீட்டுக்கென்று செய்த முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் ஒன்றாய்ப் பிடித்துப் பொரித்தது. கூட வந்தவர்களுக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு, இதைச் சம்பந்தி வீட்டுக்கு என்று ஆரோக்கியம் மூடி வைத்திருந்தாள். மற்றவர்கள் வாந்தியில் கிடந்தபோது ரகசியமாகத் திறந்து, மேலே இருந்த முழு உருண்டைகளைத் தொடாமல், அடியில் கையை விட்டு, உதிர்ந்ததையும் உடைந்ததையும் வழித்துத் தின்றிருக்கிறாள்.

டப்பாதான் விஷயம். சிவகாசிப் பக்கம் எந்த வீட்டு அடுப்படியிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். பட்டாசு மருந்துச் சாமான் வருகிற வெளிநாட்டுத் தகர டப்பா. கனமான தகரம், காற்றுப் புகாத மூடி, எறும்பும் ஏறாது. காலியானதும் அதற்குப் பெண்களிடையே அடிபிடி நடக்கும். புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, வெந்நீரை ஊற்றி ஊற வைத்து, வாரக்கணக்கில் வெயிலில் காயப் போட்டுப் பிறகுதான் அரிசியோ வடகமோ போடுவார்கள். ஆரோக்கியத்துக்கு அவசரம். புது டப்பா பளபளவென்று இருக்கிறது, சம்பந்தி வீட்டுக்குக் கவுரவமாக இருக்கும் என்று, தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு நிரப்பியிருக்கிறாள். அடிப்பக்கத்து மடிப்பில் ஒட்டியிருந்த மத்தாப்பு உப்பு வெல்லத்தின் ஈரத்தில் கசிந்திருக்கிறது. ஞானதீபம் அடியில் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளையாக நகத்தில் ஏறியது. டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. ராஜசிங் மேலிருந்து சொல்லி அனுப்பியிருந்த கப்பல் டாக்டர் வந்தார். வயதான வங்காளி, பதற்றமில்லாத மனிதர். பேசினைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். இங்கிலீஷில் கேட்கவேண்டியதையெல்லாம் சரியாகவே கேட்டார். ஆரோக்கியத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. பதில் சொல்கிறவள் ஞானதீபம் ஒருத்திதான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டம் ஏதாவது தின்றார்களா என்று டாக்டர் கேட்டார்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் ஞானதீபத்தின் கண்முன்னே காப்பித் தம்ளர் வந்தது, அம்மாவின் நனைந்த பாய் வந்தது, துணியில் சுற்றிய அடுத்தவள் பிள்ளை வந்தது.

"இல்லை டாக்டர். கப்பல் சாப்பாடும் கப்பல் தண்ணீரும்தான்."

காலரா ஊசி போட்டுக்கொண்டவர்தானே என்று அடுத்த கேள்வி. இதற்குப் பொய்யே தேவைப்படவில்லை. ஊசியைக் கண்டால் ஆரோக்கியத்துக்கு நடுக்கம். ராஜசிங் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, ஊசி போட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கியிருந்தார். ஞானதீபம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெல்லச் சொன்னார். நிச்சயமாகத் தெரியாது, ஆனால் காலரா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தொற்றுநோய் இருக்கிறது என்று கப்பல் மஞ்சள் கொடி ஏற்றும். இந்தக் குடும்பம் பினாங்குக் கரையில் கால் வைக்கமுடியாது, எதிரே இருக்கும் தீவில் இறக்கிவிடுவார்கள். பிறகு அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான். அவர் கேப்டனிடம் போனார். ஞானதீபம் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். உடம்பெல்லாம் குளிர்ந்து சுகமாக இருந்தது, வெயில் காலத்தில் முதல் மழைத்துளி விழுந்த மாதிரி.

காலரா என்ற சொல் எந்த மொழியிலும் ஒன்றுதான். ஆரோக்கியத்துக்குக் கேட்டுவிட்டது.

"காலராவா? எனக்கா? தீபம், அது இல்லேன்னு சொல்லு. நீ நர்சு, சொன்னாக் கேப்பாரு. ஞானமுத்து வீட்டுக்குத் தெரிஞ்சா காலரா வந்த குடும்பத்துல எடுப்பாகளா? எம்மக வாழ்க்கை போயிரும். ஒரு வார்த்தை சொல்லு."

ஞானதீபம் தன் பையிலிருந்து பேதி உப்பை எடுத்தாள். தம்ளரில் போட்டு நிதானமாகக் கரைத்தாள். மதினியின் தலையைத் தூக்கிப் பிடித்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். கொலை அவளுக்கு வேண்டியதில்லை. செத்தவளுக்கு ஏது தலைகுனிவு? ஆரோக்கியம் பிழைக்கவேண்டும், ஊர் திரும்பவேண்டும், நடக்காமல் போன ஒரு கல்யாணத்தை ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கவேண்டும்.

"நானும் ஒரு வார்த்தையிலதான் போனேன் மதினி" என்றாள். "யோபு வாத்தியார் வீட்டுல போயி ஒரு வார்த்தை சொன்னீகளே. ராத்திரியெல்லாம் ரத்தமா துப்புறேன்னு."

ஆரோக்கியம் தம்ளரைக் கையால் விலக்கினாள். இல்லை என்பாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று ஞானதீபம் எத்தனையோ விதமாக இந்த இடத்தை நினைத்துப் பார்த்து வைத்திருந்தாள். ஆரோக்கியம் அது எதையும் செய்யவில்லை.

"அப்ப உங்கம்மாவ யாரு பாத்திருப்பா?" என்றாள், சோர்ந்த குரலில். "உங்கண்ணன் பாப்பாரா? நான்தான கெடந்து அல்லாடணும். நீ நர்சுக்குப் படிச்ச புள்ள, உனக்கு அருவருப்பு கெடையாது. உனக்குச் சம்பளம் வருது, மரியாதை இருக்கு. இப்ப என்ன கொறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் கொறையல. உங்க மகளுக்கும் ஒண்ணும் கொறையாது. எங்க ஆஸ்பத்திரியிலயே சேத்து விடுறேன். சம்பளம் வரும், மரியாதை இருக்கும்."

ஆரோக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ராஜசிங்கையும் இன்பத்தையும் கப்பல்காரர்கள் உள்ளே அனுப்பிக் கதவுக்கு வெளியே ஆளை நிறுத்தினார்கள். யாரும் வெளியே வரக்கூடாது, சாப்பாடு வாசலுக்கு வரும் என்றார்கள். ராஜசிங் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கம்பெனியில் அதட்டினால் ஐம்பது பேர் நடுங்குகிற குரல், தங்கையிடம் கெஞ்சியது.

"ஏம்மா தீபம், நீ டாக்டர்ட்ட என்னதான் சொன்ன? இது ஏதோ அசீரணமா இருக்கக்கூடாதா? நீ எடுத்துச் சொல்லும்மா. அங்கன மாப்பிள்ளை வீட்டுக்காரக மாலையோட நிப்பாக."

"அவரு பாத்துத்தாண்ணே சொல்றாரு" என்றாள் ஞானதீபம். "மதினிட்டயே கேளுங்க, நான் ஏதும் தப்பாச் சொன்னேனான்னு."

ராஜசிங் மனைவியைப் பார்த்தார். ஆரோக்கியம் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாத்தனார் பழிவாங்குகிறாள் என்று சொன்னால், எதற்காக என்று புருஷன் கேட்பான். அதை ஞானதீபம் அவளுக்குப் பூட்டிய விலங்காகவே நினைத்தாள். இத்தனை வருஷத்தில் மதினி வாயடைத்து அவள் பார்த்ததில்லை. அந்த மவுனத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடி ஆசை தீர அனுபவித்தாள்.

அந்த டப்பாவை அப்போதே கடலில் எறிந்திருக்கவேண்டும். வட்ட ஜன்னல் சிறிதுதான், ஆனாலும் உருண்டைகளைக் கொட்டிவிட்டு டப்பாவை நசுக்கியாவது தள்ளியிருக்கலாம். அவள் எறியவில்லை. யாருக்கும் தெரியாத பழியில் என்ன ருசி இருக்கிறது? தீவில் இறங்கியபின், எல்லாம் கைவிட்டுப் போனபின், டப்பாவை மதினியின் மடியில் வைத்து, காலராவும் இல்லை ஒன்றும் இல்லை, இதுதான் என்று சொல்லவேண்டும். அந்த நிமிஷத்து முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்காகவே டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பேதி உப்பு வேலை செய்தது. மறுநாள் ஆரோக்கியத்தின் நாடி சீரானது, காலை மடக்கி நீட்டினாள். டாக்டர் வந்து பார்த்து, நல்ல முன்னேற்றம், ஆனாலும் விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பினாங்கு மலை பச்சையாகத் தெரிந்த காலையில், இன்பம் குளித்துவிட்டு, பெண் பார்க்கும்போது உடுத்துவதற்கென்று எடுத்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கன போறதுக்கு இது?" என்றார் ராஜசிங், குரல் உடைந்து.

"அவுக கரையில நிப்பாகல்லப்பா. படகுல தீவுக்குக் கொண்டுபோறப்ப தூரத்துல இருந்தாச்சும் பாக்கட்டும்" என்றாள் இன்பம். அழுது முடித்த முகம். பொட்டில்லாத நெற்றியில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. "அத்தை, பின்னாடி கொசுவத்தைக் கொஞ்சம் இழுத்து விடுங்க."

ஞானதீபம் மண்டிபோட்டு உட்கார்ந்து கொசுவத்தை நீவிவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குச் சட்டை தைத்ததும் இதே விரல்கள்தான். நெஞ்சுக்குள் ஏதோ இளகப் பார்த்தது. உடனே கட்டிலைப் பார்த்தாள். ஆரோக்கியம் தலையணையில் சாய்ந்து மகளையே பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று நினைத்தாள் ஞானதீபம். இளகியது மறுபடி கெட்டியானது. எழுந்துபோய் மூலையில் பேசினைக் கழுவத் தொடங்கினாள். வெளியே விசைப்படகு நெருங்கி வரும் சத்தம் கேட்டது. துறைமுகத்து அதிகாரி வருகிறார் என்று கதவுக்கு வெளியே நின்றவன் சொன்னான்.

முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். கரண்டிக் காம்பால் நெம்பித் தகர மூடியைத் திறக்கிற சத்தம்.

ஞானதீபம் திரும்பினாள். இன்பம் பட்டுப்புடவையோடு தரையில் குந்தியிருந்தாள். மடியில் டப்பா. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"பசிக்குது அத்தை" என்றாள், வாய் நிறைய. "கப்பலேறுனதுல இருந்து இன்னைக்குத்தான் பசியே எடுக்குது. அந்த வீட்டுக்குத்தான் போகலைன்னு ஆயிட்டுதே, இனி யாருக்கு வச்சிருக்கணும்?"

பேசின் எங்கே விழுந்தது என்று ஞானதீபத்துக்குத் தெரியாது. ஒரே எட்டில் போய், தவழ்கிற பிள்ளை மண்ணைத் தின்றால் பிடிப்பதுபோல இன்பத்தின் தாடையைப் பிடித்தாள். வாய்க்குள் விரலை விட்டு, மென்றதையும் மெல்லாததையும் சேர்த்து வழித்து எடுத்தாள். "துப்பு. முழுங்கிராத. துப்புடி" என்றாள். இன்பம் இருமி, எச்சிலாகத் துப்பி, கண்ணில் நீர் முட்ட அத்தையைப் பார்த்தாள். டப்பா உருண்டு முந்திரிக்கொத்துகள் கேபின் முழுக்க ஓடின.

"ஏன் அத்தை?"

ராஜசிங் எழுந்து நின்றார். அவர் உருண்டைகளைப் பார்க்கவில்லை. காலில் வந்து முட்டி நின்ற டப்பாவைப் பார்த்தார், வாழ்நாளெல்லாம் அந்த மாதிரி டப்பாக்களோடு புழங்கியவர். மெல்லக் குனிந்து எடுத்து, உள்ளே விரலை விட்டு அடியைத் தடவினார். கட்டிலில் ஆரோக்கியம் இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்தாள். டப்பாவைப் பார்த்தாள், பிறகு ஞானதீபத்தின் கையை.

கதவு திறந்தது. வங்காளி டாக்டரும், வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஓர் அதிகாரியும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னே ஒரு துண்டு வானமும் அதில் படபடக்கும் மஞ்சள் துணியின் ஓரமும் தெரிந்தன. டாக்டர் தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். ஒரு கால் எடுத்து உள்ளே வைத்தார்.

"சிஸ்டர், கையில் என்ன?"

ஞானதீபம் கையை இறுக்கி மூடினாள். இன்பத்தின் வாய்ச்சூடு இன்னும் ஆறாத வெல்லம், விரல் இடுக்குகளில் பிதுங்கி, மணிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.